சுவரை மட்டும் விட்டுவைத்த மைதானம் | வார்சா வ்லாக்

எல்லோருக்கும் வணக்கம். போலந்தின் தலைநகர் வார்சாவில் இருந்து பேசுகிறேன். இன்றைக்கு இங்கே மேட்ச் எதுவும் இல்லை, அதனால்தான் வந்தேன், கூட்டம் இருந்தால் இந்தச் சுவரை நிதானமாகக் காட்ட முடியாது. கொஞ்சம் தள்ளி நிற்கிறேன், பாருங்கள். கீழே இருப்பது பழைய கட்டடத்தின் முகப்பு, ஏதோ அரசு அலுவலகம் மாதிரி விறைப்பாக நிற்கிறது. அதற்குப் பின்னால் தலை தூக்கி நிற்பது புது மைதானம், புதுக் கூரை. இதுதான் லெகியா வார்சா என்ற கால்பந்து கிளப் ஆடும் இடம். வாஜென்கோவ்ஸ்கா தெரு, 3-ஆம் எண். பக்கத்தில் ஒரு பழைய கால்வாய், அந்தப் பக்கம் மேட்டின் மேல் உயஸ்துவ் கோட்டை.

லெகியா கிளப்பைக் கால்பந்து வியாபாரிகள் யாரும் தொடங்கவில்லை. முதல் உலகப் போர் நடக்கும்போது, 1916-இல், கிழக்கே வோலின் பகுதியில், போலந்தின் விடுதலைக்காகப் போராடிய தலைவர் பிவுசுட்ஸ்கியின் போலந்துப் படையணிகளில் இருந்த சிப்பாய்கள் சண்டைக்கு நடுவே பந்து விளையாட ஆரம்பித்தார்கள். அப்போது போலந்து என்று ஒரு நாடே வரைபடத்தில் இல்லை, அதை யோசித்துப் பாருங்கள். படையணி என்ற சொல்தான் கிளப்பின் பெயர். அப்புறம் நாடு பிறந்தது, கிளப் தலைநகருக்கு வந்தது, ராணுவம் இந்த மைதானத்தைக் கட்டியது. 1930 ஆகஸ்ட் 9-ஆம் தேதி திறப்பு விழா, பார்சிலோனாவில் இருந்து யூரோப்பா என்ற அணி வந்திருந்தது, ஆட்டம் 1-1. புல்தரையைச் சுற்றி சைக்கிள் பந்தயத்துக்கு கான்கிரீட் ஓடுபாதையும் போட்டிருந்தார்கள்.

ஒன்பது வருடத்தில் போர் வந்துவிட்டது. ஜெர்மானியர்கள் ஊரைப் பிடித்து, மைதானத்தைத் தங்கள் படைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1944-இல் ஊர் மக்கள் அவர்களை எதிர்த்து நடத்திய எழுச்சிக்குப் பிறகு வார்சாவைத் தெருத் தெருவாக எரித்து இடித்தார்கள், நகரத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் போய்விட்டது என்று சொல்வார்கள். இந்த மைதானம் எப்படியோ தப்பிவிட்டது. இதில் என்னால் மறக்க முடியாத ஒரு விஷயம், 1946-இல் போலந்து சாம்பியன் ஆன அணி லெகியா இல்லை, ஊரின் இன்னொரு கிளப்பான போலோனியா. அவர்களுடைய மைதானம் கொன்விக்டோர்ஸ்கா தெருவில் சிதைந்து கிடந்ததால், இங்கே வந்துதான் ஆடினார்கள். இன்றைக்கு லெகியாக்காரர்களும் போலோனியாக்காரர்களும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள், ஆனால் அன்றைக்கு ஊருக்கு இருந்த புல்தரை இதுதான்.

சரி, கம்யூனிஸ்ட் காலத்துக்கு வருவோம். அப்போது போலந்தில் ஒவ்வொரு பெரிய கிளப்புக்குப் பின்னாலும் அரசின் ஒரு கை இருந்தது. போஸ்னானில் லெக் அணிக்கு ரயில்வே, சப்ஷேயில் குர்னிக் அணிக்கு நிலக்கரிச் சுரங்கம், கிராக்கோவில் விஸ்வா அணிக்குப் போலீஸ். லெகியாவுக்கு ராணுவம். ராணுவத்துக்கு ஒரு பெரிய வசதி என்ன தெரியுமா, கட்டாய ராணுவ சேவை. நன்றாக ஆடும் பையன் எந்த ஊரில் இருந்தாலும் ஆள் எடுப்புக் கடிதம் போனால் போதும். காஸிமியெஷ் தெய்னா அப்படி வந்தவர்தான். ஸ்டாரோகார்டு பையன், வூச் நகரத்து அணிக்காக 1966-இல் முதல் டிவிஷனில் ஒரே ஒரு மேட்ச் ஆடினார், உடனே ராணுவம் கூப்பிட்டுக்கொண்டது. பிறகு பன்னிரண்டு வருடம் இந்தப் புல்லில்தான் ஆடினார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 9 கோல், இறுதி ஆட்டத்தில் ஹங்கேரியை 2-1 என்று வென்றபோது அந்த இரண்டும் அவர் போட்டது. 1974 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த அணிக்கு அவர்தான் கேப்டன். வலுக்கட்டாயமாகக் கூட்டிவரப்பட்ட ஒருவரை இந்த ஊர் இவ்வளவு நேசித்தது என்பதை நான் முதலில் படித்தபோது நம்பவே முடியவில்லை.

1970 ஏப்ரலில் ஐரோப்பிய கோப்பை அரையிறுதி இங்கே நடந்தது, எதிரே நெதர்லாந்தின் ஃபெயனூர்ட். மைதானம் முழுக்கச் சேறு, 0-0. ரோட்டர்டாமில் 2-0 என்று தோற்றார்கள், அந்த வருடக் கோப்பையும் ஃபெயனூர்டுக்கே போனது. 1991-இல் இன்னொரு அரையிறுதி, கோப்பை வென்றவர்களுக்கான போட்டியில், மான்செஸ்டர் யுனைடெட் வந்து 3-1 என்று வென்றுவிட்டுப் போனது.

அதற்குள் ஆட்சி மாறியிருந்தது. 1989-க்குப் பிறகு சுரங்கம், ரயில்வே, ராணுவம் எல்லாம் மெல்ல மெல்லக் கையை விலக்கிக்கொண்டன. கிளப்புகள் தனியார் கம்பெனிகள் ஆயின, மைதானங்கள் பல ஊர்களில் மாநகராட்சியிடம் வந்து சேர்ந்தன. இதுவும் அப்படித்தான். உரிமையாளர் வார்சா நகரம், லெகியா வாடகைக்கு இருக்கிறது. 2008-இல் இடித்துக் கட்ட ஆரம்பித்தபோது ஏறத்தாழ 46 கோடி ஸ்வாட்டி (போலந்து நாணயம்) நகரத்தின் பணம் போனது. தனியார் கிளப் ஆடுவதற்கு மக்கள் வரிப்பணமா என்று கேட்டவர்கள் நிறைய, கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நான் நகரத்தின் பக்கம். கிராக்கோவைப் பாருங்கள், அங்கேயும் விஸ்வா ஆடும் மைதானம் மாநகராட்சியுடையது. 2018 கடைசியில் விஸ்வா கடனில் மூழ்கி, கிளப்பே இருக்குமா என்ற நிலைக்கு வந்தது. கிளப் தள்ளாடியது, மைதானம் அசையவில்லை, அதை யாரும் கடனுக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. கிளப்பின் முதலாளிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். இடம் ஊருடையதாக இருந்தால் ஊருக்கு ஒரு பிடி இருக்கும்.

இந்தச் சுவர் நிற்பதற்கும் அந்தப் பிடிதான் காரணம் என்று நினைக்கிறேன். மற்ற மூன்று பக்கமும் முழுக்க இடித்தார்கள். இந்த மேற்குக் கேலரியில் மட்டும் 1930-இன் முகப்பை அப்படியே நிறுத்தி, அதற்குப் பின்னால் புதிதாகக் கட்டினார்கள். பின்பக்கம் போனால் சாதாரண நவீன மைதானம், சுமார் 31,000 இருக்கை. உண்மையைச் சொன்னால் அந்த மூன்று பக்கமும் எந்த நாட்டிலும் இருக்கலாம், இந்த ஒரு பக்கம் மட்டும்தான் வார்சா.

ஷிலெட்டா பற்றிச் சொல்லாமல் போனால் இங்கே யாரும் என்னை மன்னிக்க மாட்டார்கள். ஷிலெட்டா என்றால் சவர பிளேடு. பழைய மைதானத்தில், கூரை இல்லாத கேலரியில், தீவிர ரசிகர்கள் நிற்கும் பகுதியில் போல்சில்வர் பிளேடு விளம்பரம் ஒன்று இருந்தது. ரசிகர்கள் அந்தப் பெயரைத் தங்களுக்கே வைத்துக்கொண்டார்கள். விளம்பரம் போய்விட்டது, கேலரியும் இடிந்துவிட்டது, பெயர் மட்டும் அவர்களோடு நடந்து கோல் போஸ்டுக்குப் பின்னால் இருக்கும் வடக்குக் கேலரிக்கு வந்துவிட்டது. காசு கொடுத்து வைத்த பெயர் ஒன்றும் உண்டு, 2011 முதல் 2014 வரை இது பெப்சி அரீனா. அதை இப்போது யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

புது மைதானத்தின் முதல் விருந்தாளி ஆர்சனல், 2010 ஆகஸ்டில். லெகியா 3-0 என்று முன்னால் இருந்து, கடைசியில் 5-6 என்று தோற்றது. 2016 நவம்பரில் ரியல் மாட்ரிட் வந்தபோதோ ரசிகர்களுக்கு அனுமதியே இல்லை, டார்ட்மண்டுடன் ஆடிய நாளில் கேலரியில் நடந்த அடிதடிக்கான தண்டனை. முதல் நிமிடத்திலேயே மாட்ரிட்டின் பேல் கோல் போட்டார், பிறகு 0-2, அங்கிருந்து லெகியா 3-2 என்று முன்னேறியது, 85-ஆவது நிமிடத்தில் மாட்ரிட் சமன் செய்து 3-3. இந்த மைதானத்தின் மிகப் பெரிய இரவுகளில் ஒன்று, கத்துவதற்கு ஷிலெட்டாவில் ஆள் இல்லை. அந்த வீடியோவைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கஷ்டமாக இருக்கும். அடிதடி செய்தவர்கள் சிலர், அந்த இரவை இழந்தது மொத்த ஊரும்.

கடைசியாக இங்கே வாருங்கள், இதுதான் தெய்னாவின் சிலை. 1978-இல் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார், அப்புறம் அமெரிக்கா, 1989-இல் சான் டியேகோவில் கார் விபத்தில் இறந்துபோனார், வயது 41. அவருடைய அஸ்தியை 23 வருடம் கழித்து, 2012-இல், வார்சாவுக்குக் கொண்டுவந்து பொவோன்ஸ்கி ராணுவக் கல்லறையில் வைத்தார்கள். இந்தச் சிலையைத் திறந்ததும் அதே வருடம்தான். அவருடைய 10-ஆம் எண் சட்டையை லெகியா இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை.

வெளிச்சம் குறைகிறது, நிறுத்திக்கொள்கிறேன். அடுத்த வீடியோ கொன்விக்டோர்ஸ்கா தெருவில், போலோனியா மைதானத்தில் இருந்து. அதுவும் நகரத்துடையதுதான், ஆனால் அதற்கு இந்த மாதிரி 46 கோடி கிடைக்கவில்லை. அங்கே இருக்கும் கேலரியைப் பார்த்தால் நீங்களே புரிந்துகொள்வீர்கள்.