ஆனையைக் கொன்ற பெயர்

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

மாரி வெள்ளம் வடிகிற நாட்களில் மட்டக்களப்புப் பக்கம் வாகரையிலோ வவுணதீவிலோ யாரோ ஒருவரின் கோழிக்கூட்டுக்குள் வெங்கணாந்தி, அதாவது மலைப்பாம்பு, ஒன்று அகப்படும். அடுத்த நாளே கைபேசிகளில் படம் சுற்றும்: "ஊருக்குள் அனகொண்டா!" அனகொண்டா தென்னமெரிக்கப் பாம்பு. அமேசன், ஒரினோக்கோ ஆற்றுச் சதுப்புகளில் கிடப்பது. நம்முடைய வயல் வட்டைக்குள் அது எங்கே வரப்போகிறது? ஆனால் அந்தப் பெயர் இலங்கையிலிருந்து போனது என்றால் நம்புவீர்களா?

1693இல் ஜோன் ரே என்ற ஆங்கிலேய இயற்கை அறிஞர் லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். ஒல்லாந்தின் லெய்டன் நகரில் சேர்த்து வைத்திருந்த பாம்புகளின் பட்டியல் ஒன்றும் அதில் வருகிறது. மட்டக்களப்புக் கோட்டை உட்பட நம் கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்த காலம் அது. அந்தப் பட்டியலில் 'அனகண்டாயா' என்றொரு பெயர். இலங்கையர் இப்படி அழைப்பார்கள், எருமை முதலான கால்நடைகளின் உறுப்புகளை நொறுக்கும் பாம்பு இது என்று பக்கத்தில் விளக்கம்.

பிறகு 1768இல் ஸ்கொட்லாந்துச் சஞ்சிகை ஒன்று, இலங்கையில் பல காலம் இருந்த ஒருவரின் கடிதமென்று சொல்லி, அனகொண்டா ஒரு புலியை நெரித்துக் கொன்ற கதையைப் பயங்கரமாக வருணித்தது. இலங்கைக் காட்டில் வரிப்புலியே கிடையாது, சிறுத்தைதான் உண்டு. அந்தக் கடிதத்தை எவ்வளவு நம்பலாம் என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். கதை பரவியது, பெயரும் பரவியது. 19ஆம் நூற்றாண்டு பிறந்த கையோடு ஐரோப்பிய விலங்கியலாளர்கள் அந்தப் பெயரைத் தூக்கித் தென்னமெரிக்கப் பாம்புக்குச் சூட்டிவிட்டார்கள்.

இனி, அந்தப் பெயர் யாருடையது? 'ஆனையைக் கொன்றான்' என்ற தமிழ்தான் அனகொண்டா ஆயிற்று என்று நம்மவர் பலர் மார்தட்டுவார்கள். வெறும் பெருமைப் பேச்சென்று அதை ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டில் ஒண்ணு, மூணு, கன்னு என்பார்கள். நாம் ஒண்டு, மூண்டு, கண்டு என்போம். மாட்டுக்கண்டு, தென்னங்கண்டு. அதே கணக்கில் 'கொன்ற' என்பது நம் வாயில் 'கொண்ட' ஆகும். யானையை ஆனை என்றுதான் சொல்கிறோம். சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: ஆனக்கொண்ட. ஒலி அச்சொட்டாகப் பொருந்துகிறது.

பாம்பு ஆனையைப் பிடிக்கும் கற்பனையும் நமக்குப் பழையது. மலைப்பாம்புக்குச் சங்கப் புலவர்கள் வைத்த பெயர் மாசுணம். நற்றிணையின் 261ஆம் பாட்டில், களிற்றை அகப்படுத்திய பெருஞ்சின மாசுணம் வைரம் பாய்ந்த மரத்தோடு சேர்த்து அதைப் பிணித்துப் புரட்டுகிறது.

இவ்வளவு இருந்தும் என் மனம் சிங்களத்தின் பக்கம்தான் சாய்கிறது. 'ஹெனகந்தயா' என்று சிங்களத்தில் ஒரு பாம்புப் பெயர் உண்டு. ஹென என்றால் இடி, மின்னல். கந்த என்றால் தண்டு. 1693இல் பதிவான வடிவம் 'யா' என்று முடிவதைக் கவனியுங்கள். தமிழ் 'கொன்றானு'க்கு அந்த வால் எங்கிருந்து வரும்? அந்த விளக்கத்தில் எருமை இருக்கிறதே தவிர ஆனை இல்லை. சிங்களத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஹெனகந்தயா என்பது சுண்டுவிரல் பருமனில் மரக்கொப்புகளில் தொங்கும் மெல்லிய பாம்பு. எருமையை அது என்ன செய்யும்? லெய்டனில் இரண்டு பாம்புகளின் பெயர்ச்சீட்டுகள் மாறிப்போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது ஏற்கக்கூடியதாகவே படுகிறது. ஆனை கதை நன்றாக இருக்கிறது என்பதற்காகச் சொல்லை நமதென்று எழுதிவைக்க வேண்டியதில்லை.

பெரிய பாம்புக்குப் பெயர் வைக்கிறவர்களுக்கு அதன் வாயில் எதையாவது திணிக்காமல் இருக்க முடியாது போலும்! ஒருவர் ஆனை என்றார், ஒருவர் எருமை என்றார். வடமொழியில் 'அஜகர'. அஜ என்றால் ஆடு, ஆட்டை விழுங்குவது. உண்மைக்குக் கிட்ட வந்தது அந்தப் பெயர்தான். வெங்கணாந்தி எலி, முயல், கோழி, மிஞ்சினால் ஆட்டுக்குட்டி, மான்குட்டி பிடிக்கும். விஷம் இல்லை. சுற்றி இறுக்கும்போது இரையின் இரத்த ஓட்டம் நின்றுபோகிறது. எலும்பை நொறுக்குவதெல்லாம் கதை.

அனகொண்டாவும் வெங்கணாந்தியும் ஒரே குடும்பம்கூட இல்லை. அனகொண்டா குட்டி போடும். வெங்கணாந்தி முட்டையிடும். தாய்ப்பாம்பு முட்டைகளைச் சுற்றிப் படுத்து, தசைகளை நடுக்கி நடுக்கி உடம்பில் சூடு உண்டாக்கி அடைகாக்கும்.

இவ்வளவையும் நான் இழுத்துப் பேசக் காரணம், 'அனகொண்டா' என்று ஒருவர் கத்தினால் போதும், நான்கு பேர் பொல்லோடு ஓடி வருகிறார்கள். வெங்கணாந்தி நம் நாட்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம், அடித்துக் கொல்வது குற்றம். கூட்டுக்குள் கண்டால் சற்றுத் தள்ளி நின்று வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அவர்கள் வரும்வரை பிள்ளைகளையும் நாயையும் கிட்ட விடாதீர்கள். கோழி போனது போனதுதான்.

நன்றி, வணக்கம்.