4,265 கிலோமீட்டர் நடை: கால் வலி, காட்டுத்தீ, முன்பின் தெரியாதவரின் கார்

[திரையில்: அமெரிக்காவின் மேற்குக் கரை வரைபடம். தெற்கிலிருந்து வடக்கே ஒரு சிவப்புக் கோடு நீள்கிறது.]

இந்தக் கோட்டின் பெயர் பசிபிக் கிரெஸ்ட் ட்ரெயில், சுருக்கமாக பி.சி.டி. மெக்சிகோ எல்லையை ஒட்டிய கேம்போ என்ற சின்ன ஊருக்கு அருகே தொடங்கி, கலிஃபோர்னியா, ஆரிகன், வாஷிங்டன் என்று மூன்று மாநிலங்களைக் கடந்து கனடா எல்லையில் போய் நிற்கிறது. நீளம் சுமார் 4,265 கிலோமீட்டர். 1968-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு இதைத் தேசியப் பாதையாக அறிவித்தது. ஆனால் துண்டுகள் எல்லாம் இணைந்து பாதை முழுமையானது 1993-இல்தான்.

இதை ஒரே பருவத்தில் நடந்து முடிக்கப் பார்ப்பவர்களை த்ரூ-ஹைக்கர் என்பார்கள். அவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே மன உறுதி, விடாமுயற்சி என்று பேச்சு போய்விடும். மன உறுதி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பாதையில் யார் எங்கே நிற்கிறார்கள், யார் வீட்டுக்குத் திரும்புகிறார்கள் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது காலண்டர். காலில் அடிபடுவது, தீ வழியை மறிப்பது, யாரோ ஒருவர் காரை நிறுத்தி ஏற்றிக்கொள்வது, மூன்றும் அந்த ஒரே காலண்டரில் கோத்துக்கொண்டு வருபவை. அதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: பன்னிரண்டு மாதக் கட்டங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நிறம் மாறுகிறது.]

தெற்கிலிருந்து கிளம்புபவர்கள் ஏன் பெரும்பாலும் ஏப்ரலில், அதற்கு முன்னும் பின்னும் சில வாரங்களில் கிளம்புகிறார்கள்? தாமதித்தால் தெற்குக் கலிஃபோர்னியாவின் பாலைவனப் பகுதி கொதிக்கும். சீக்கிரம் கிளம்பினால் 1,100 கிலோமீட்டர் தாண்டி சியெரா நெவாடா மலைக்குள் நுழையும்போது பனி குவிந்து கிடக்கும். அங்கே ஃபாரஸ்டர் பாஸ் என்ற கணவாய் 4,009 மீட்டர் உயரம், பாதையிலேயே மிக உயர்ந்த இடம். பனி அதிகம் விழுந்த வருடங்களில் ஜூன் மாதத்திலும் அங்கே ஐஸ் கோடாரி இல்லாமல் ஏற முடியாது. மறுமுனையில் வாஷிங்டன் மலைகளில் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ அடுத்த பனி வந்துவிடும்.

ஆக, இரண்டு பனிக்கு நடுவில் ஐந்து மாதம். 4,265-ஐ 150 நாளால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 28 கிலோமீட்டர், அதுவும் ஓய்வு நாளைச் சேர்த்து. படுத்துக் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஈடாக இன்னொரு நாளில் கூடுதல் தூரம் நடந்தாக வேண்டும்.

போதாக்குறைக்கு அனுமதிச் சீட்டு. தெற்கு எல்லையிலிருந்து நெடுந்தூரம் நடக்க ஒரு நாளைக்கு 50 பேருக்குத்தான் அனுமதி. பல மாதங்கள் முன்பே தேதி வாங்க வேண்டும். அந்தத் தேதியில் உங்கள் கால் தயாராக இருக்கிறதா என்று சீட்டு கேட்காது.

[திரையில்: கால் எலும்பின் வரைபடம்.]

சரி, காலுக்கு வருவோம். முதல் சில வாரங்களை நெருக்கமாகப் பார்க்க வேண்டும்.

கிளம்பி மூன்று வாரம் ஆனதும் உடம்பு பழகிவிட்ட மாதிரி இருக்கும். ஏற்றத்தில் மூச்சு வாங்காது, தொடை இறுகியிருக்கும். நேற்று 25 கிலோமீட்டர் போனோமே, இன்று 35 போனால் என்ன என்று தோன்றும். சிக்கல் ஆரம்பிப்பது இங்கேதான். தசை சில வாரங்களில் தேறிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் நாண்கள் தேற மாதக்கணக்கில் ஆகும். எலும்போ இன்னும் விசித்திரம். புதுச் சுமை விழுந்ததும் அது முதலில் தன் பழைய பகுதிகளைக் கரைக்கும், அப்புறம்தான் அந்த இடத்தில் புதிதாகக் கட்டும். கரைப்பது வேகமாக நடக்கும், கட்டுவது மெதுவாக. அதனால் நடுவில் சில வாரங்கள் எலும்பு முன்னைவிடப் பலம் குறைந்தே இருக்கும். உடம்பு 'நான் ரெடி' என்று சொல்கிற அதே வாரத்தில்!

அந்த வாரங்கள் கழிவது பாலைவனத்தில். அங்கே தண்ணீரைத் தூக்கித்தான் ஆக வேண்டும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. சிசர்ஸ் கிராசிங் என்ற இடத்திலிருந்து அடுத்த நம்பகமான ஊற்று வரை ஏறக்குறைய 39 கிலோமீட்டர், நடுவில் நிழலும் கிடையாது. ஐந்தாறு லிட்டரோடு அங்கே ஏற வேண்டும். இப்படிப்பட்ட வறண்ட பகுதிகள் பின்னாலும் வரும். எலும்பு பலவீனமாக இருக்கும் வாரங்களிலும் பை கனமாகவே இருக்கிறது.

வலி வந்தால் எந்த வலி என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு நெடுக ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால், பெரும்பாலும் அது ஷின் ஸ்ப்ளின்ட். தூரத்தைக் குறைத்து, சில நாள் ஓய்வு கொடுத்தால் அடங்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஒற்றை விரலை வைத்து 'இதோ, இங்கேதான்' என்று ஒரே புள்ளியைக் காட்ட முடிகிறதா? ராத்திரி படுத்திருக்கும்போதும் அந்த இடம் வலிக்கிறதா? அப்படியானால் எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாம். அதற்கு மேல் நடந்து பார்ப்பது முட்டாள்தனம், மருத்துவரிடம் போய்த்தான் ஆக வேண்டும். இந்த இடத்தில் ஹைக்கர்கள் பலர் செய்வது என்ன தெரியுமா? ஐபுபுரோஃபன் என்ற வலி மாத்திரையை விழுங்குவது. வைட்டமின் ஐ என்று அதற்குக் கேலிப் பெயரே உண்டு. அந்த மாத்திரை வலியை மறைக்கும், விரிசலை ஒட்டாது. உடம்பில் தண்ணீர் வற்றிய நிலையில் தினமும் விழுங்கினால் சிறுநீரகத்துக்கும் கேடு.

கொப்புளம், உதிரும் நகம் இதெல்லாம் எல்லோருக்கும் வரும், நீட்டி முழக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும்: நடக்க நடக்கப் பாதம் வீங்கி அகலும். ஒரு சைஸ் பெரிய ஷூவோடு கிளம்புங்கள் என்று சொல்வது அதனால்தான்.

எலும்பு விரிசல் ஒட்டிச் சேர பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இருப்பதே ஐந்து மாதம்! ஆகவே அடிபட்டவருக்கு மூன்று வழிதான். வீட்டுக்குப் போய் இன்னொரு வருடம் வருவது. விட்ட தூரத்தை விட்டுவிட்டு, கூட வந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்களோ அங்கே போய்ச் சேருவது. இல்லையென்றால் வடக்கு முனைக்குப் போய் அங்கிருந்து தெற்கு நோக்கி நடப்பது, இதை ஃப்ளிப்-ஃப்ளாப் என்பார்கள். என்னைக் கேட்டால், மூன்றாவதுதான் காலண்டரைக் கொஞ்சமாவது ஏமாற்றும் வழி.

[திரையில்: காலண்டரின் மேல் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் சிவக்கின்றன.]

இப்போது தீ. மே மாதத்தில் காலுக்காகப் படுத்த இரண்டு வாரத்தின் கணக்கு ஆகஸ்டில் திரும்ப வரும். தெற்கிலிருந்து வருபவர்கள் வடக்குக் கலிஃபோர்னியாவையும் ஆரிகனையும் கடப்பது ஜூலையிலும் ஆகஸ்டிலும். காடு காய்ந்து கிடப்பதும், மழையில்லாமல் மின்னல் மட்டும் விழுவதும் அதே மாதங்களில்தான். எவ்வளவு திறமையாகத் திட்டம் போட்டாலும் இதிலிருந்து தப்ப முடியாது. தாமதமானவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

2022 ஜூலை 29 அன்று கலிஃபோர்னியாவின் வட எல்லை அருகே கிளமத் தேசிய வனத்தில் மெக்கின்னி தீ பற்றியது. ஓரிரு நாளில் சுமார் 200 சதுர கிலோமீட்டர் எரிந்துவிட்டது. நான்கு பேர் இறந்தார்கள். அந்தப் பக்கம் பி.சி.டி.-யில் நடந்துகொண்டிருந்த 60 பேரை, எல்லைக்கு மறுபுறம் ஆரிகனின் ஜாக்சன் கவுண்டி ஷெரிஃப் அலுவலக மீட்புக் குழுவினர் வெளியே கொண்டுவந்தார்கள். எட்னா சம்மிட்டிலிருந்து மவுண்ட் ஆஷ்லண்ட் வரை சுமார் 177 கிலோமீட்டர் பாதை மூடப்பட்டது.

அதற்கு முந்தைய வருடம் டிக்சி தீ. 2021 ஜூலையில் மின்கம்பியில் மரம் விழுந்து பற்றியது, ஏறத்தாழ 3,900 சதுர கிலோமீட்டரை விழுங்கியது. சியெரா நெவாடாவின் முகட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாண்டிய முதல் தீ என்று பதிவானது அதுதான். கிரீன்வில் என்ற ஊர் கிட்டத்தட்ட முழுசாகச் சாம்பலானது. 2020 செப்டம்பரில் தீ மிக மோசமாகி, கலிஃபோர்னியாவின் 18 தேசிய வனங்களையும் வனத்துறை ஒரேயடியாக மூடியது. அன்று பாதையில் இருந்தவர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல், சாப்பாடும் தண்ணீரும் கையில் இருந்தும், நடையை நிறுத்த வேண்டியதாயிற்று.

[திரையில்: மலைச்சரிவில் தீ மேலே ஏறும் அனிமேஷன்.]

தீயைப் பற்றி ஹைக்கர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம்: அது ஏற்றத்தில் வேகமாக ஓடும். கீழே எரியும் நெருப்பின் சூடு மேலே உள்ள செடிகளை முன்கூட்டியே உலர்த்திவிடும். குறுகிய பள்ளத்தாக்கு புகைபோக்கி மாதிரி நெருப்பை இழுக்கும். நமக்கோ ஆபத்து என்றால் உயரமான இடத்துக்கு ஓடத்தான் தோன்றும். தீக்கு மேலே உள்ள சரிவில் இருப்பது மிக மோசமான இடம். ஏற்கெனவே எரிந்து கறுத்த நிலம், பெரிய பாறைக் குவியல், ஏரி, சாலை, இவைதான் ஒதுங்கும் இடங்கள். காலையில் புகை தரையோடு படிந்து அமைதியாக இருப்பதை நம்ப வேண்டாம். மதியம் அந்தப் புகை விலகிக் காற்று எழும்பும்போதுதான் தீ வேகமெடுக்கும். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி கையில் இருந்தால், அதில் உதவி கேட்க முடிவதோடு தீ எந்தப் பக்கம் போகிறது என்று வீட்டில் இருப்பவரிடம் கேட்கவும் முடியும்.

தீ அணைந்த பிறகும் பாதை ஏன் மூடியே இருக்கிறது என்று நிறையப் பேர் எரிச்சல்படுவார்கள். காரணம் எளிது. கருகிய மரம் காற்றே இல்லாமலும் சாயும். மண்ணுக்கு அடியில் வேர் எரிந்துபோய்க் குழியாகி, மேலே சாம்பல் மூடியிருக்கும், கால் வைத்தால் உள்ளே இறங்கும். மழை வந்தால் சரிவே சேறாக வழியும். மூடிய வனப்பகுதிக்குள் நுழைந்தால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. சட்டத்தை விடுங்கள், உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டால் அவரைத் தேட இன்னொருவர் அந்த மரங்களுக்குக் கீழே போக வேண்டும்.

சிலர் கோடு அறுபடக்கூடாது என்று நெடுஞ்சாலை ஓரமாகவே நடந்து மூடிய பகுதியைச் சுற்றுவார்கள். புகைக்குள், லாரிகள் உரசிப்போகும் சாலையில், மூன்று நாள். அவர்களின் பிடிவாதம் புரிகிறது, ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காட்டுப் பாதையில் நடக்க வந்துவிட்டுத் தார்ச்சாலையில் உயிரைப் பணயம் வைப்பதில் என்ன இருக்கிறது?

[திரையில்: சாலையோரம், கட்டைவிரலை நீட்டி நிற்கும் ஹைக்கர்.]

அப்படியானால் மூடிய 177 கிலோமீட்டரை எப்படித் தாண்டுவது? அங்கெல்லாம் பஸ் ஓடாது. கட்டைவிரலை நீட்டிக்கொண்டு சாலையில் நிற்க வேண்டும், யாராவது நிறுத்துவார்கள். பல நாள் குளிக்காத, புழுதி படிந்த ஒருவரை, நாற்றத்தோடு முன் சீட்டில் உட்கார வைத்து மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு போவார்கள். இப்படி உதவுபவர்களை ட்ரெயில் ஏஞ்சல் என்பார்கள். சிலர் விமான நிலையத்திலிருந்து கேம்போவுக்கு அழைத்துப் போகிறார்கள். சிலர் தங்கள் கொல்லையில் கூடாரம் போட விடுகிறார்கள், அழுக்குத் துணியை வாங்கி வாஷிங் மெஷினில் போடுகிறார்கள். காலில் கட்டுப் போட்டவரை ஒரு வாரம் சோபாவில் படுக்க வைத்துச் சாப்பாடு போடுபவர்களும் உண்டு. காலண்டரில் இல்லாத நாட்களை அவர்கள்தான் கடன் கொடுக்கிறார்கள்.

இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. 1955-இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பெண் நாட்டின் கிழக்கே உள்ள அப்பலாச்சியன் ட்ரெயிலை முழுவதும் தனியாக நடந்தார். அதற்கு முந்தைய வருடம் முயன்று, வழி தவறி, கண்ணாடி உடைந்து வீடு திரும்பியவர். அவரிடம் கூடாரம் கூடக் கிடையாது. வழியில் கதவைத் தட்டித் தங்கிய இரவுகள் பல.

ஆனால் இந்த அன்பை நம்பித் திட்டம் போடக்கூடாது. முன்பு சொன்ன அந்த 39 கிலோமீட்டர் வறண்ட பகுதியின் நடுவில் தன்னார்வலர்கள் தண்ணீர் கேன்களை வைத்துவிட்டுப் போகிறார்கள். பாதையைப் பராமரிக்கும் பி.சி.டி. சங்கமே 'அதை நம்பிப் போகாதீர்கள்' என்கிறது. உங்களுக்கு முன்னால் இருபது பேர் போயிருந்தால் கேன் காலியாக இருக்கும். காரில் ஏற்றியவர் மறுத்தாலும் பெட்ரோலுக்குப் பணம் நீட்டுவது மரியாதை. தீ நேரத்தில் இன்னொன்றும் உண்டு: உங்களை ஏற்றிச் செல்பவரின் வீடே அன்று காலி செய்யச் சொன்ன பட்டியலில் இருக்கலாம்.

[திரையில்: பாதைக்குக் குறுக்கே விழுந்து கிடக்கும் கருகிய மரங்கள்.]

விட்ட பகுதியை நடக்க அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ நிறையப் பேர் திரும்பி வருகிறார்கள். அப்போது பாதை திறந்திருக்கிறது என்றால் அதற்கும் முகம் தெரியாத சிலர்தான் காரணம். 1964-ஆம் வருட வனாந்தரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் இடங்களில் பொதுவாக இயந்திர ரம்பம் ஓட்டக்கூடாது. அதனால் தன்னார்வலர்கள் இரண்டு கைப்பிடி வைத்த நீளமான கைரம்பத்தைத் தோளில் சுமந்து உள்ளே போய், ஆளுக்கொரு பக்கம் நின்று இழுத்து, மரம் மரமாக அறுத்து வழி விடுகிறார்கள். எரிந்த மரங்கள் எல்லாம் ஒரே வருடத்தில் விழுந்து முடிவதில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் இன்னும் கொஞ்சத்தைச் சாய்த்துவிட்டுப் போகும், பனி உருகியதும் இவர்கள் அதே இடத்துக்கு மறுபடி ரம்பத்தோடு போவார்கள்.