வால் வெட்டியவர்களின் ஊர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இத்தாலியின் தெற்கே உள்ள சிசிலித் தீவின் சான் ஃபிராத்தெல்லோ ஊரை ஆக்கியது அந்த மண்ணா, அங்கே வந்து குடியேறியவர்களா என்பதே இன்றைய கேள்வி. இத்தாலியின் வடக்கிலிருந்து வந்தவர்களே என்று வாதிட வந்திருக்கிறேன்.

மண்ணின் பக்கம் நின்று பேசிய எதிரணி நண்பர், அந்த ஊரின் பெயரே புனித ஃபிலதெல்ஃபியோவின் கிரேக்கப் பெயரிலிருந்து பிறந்தது என்றார். சரி. அதோடு நிறுத்தாமல், “வந்தவர்கள் செய்த ஒரே சாதனை, சொல்லின் கடைசி உயிரெழுத்தை விழுங்கியதுதான், பாவம், அவ்வளவு பசி” என்றார். அவை கைதட்டியது, நானும் தட்டினேன். ஆனால் அந்தப் பசியை அவர் சரியாக விசாரிக்கவில்லை.

பசியோடு வந்திருக்கலாம், ஆனால் அழைத்ததால் வந்தவர்கள். 1061 முதல் 1091 வரை முப்பதாண்டு போரிட்டு, பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மானியர் சிசிலியைப் பிடித்தபோது, அங்கே அரபு பேசிய முஸ்லிம்களும் கிரேக்கக் கிறித்தவர்களும்தான் நிறைந்திருந்தார்கள். ரோமைச் சார்ந்த இலத்தீன் கிறித்தவர்கள் வேண்டுமென்று, வடமேற்கு இத்தாலியின் பியெமோந்தே, லிகூரியா பகுதிகளிலிருந்து குடிகளை வரவழைத்தார்கள். நார்மானியக் கோமகன் முதலாம் ரொஜேரோவின் மனைவி அதெலாசியாவும் அந்தப் பக்கத்து அலெராமி குலத்துப் பெண்தான். மாமியார் வீட்டு ஊர்க்காரர்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினால் மருமகன் என்ன செய்வார்? நிலம் கொடுத்தார்! நிக்கோசியா, பியாட்சா அர்மெரீனா, ஐதோனே, சான் ஃபிராத்தெல்லோ எல்லாம் அப்படி அவர்கள் குடியேறிய ஊர்களே.

இப்போது அந்த விழுங்கலுக்கு வருகிறேன். சிசிலியப் பேச்சில் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடியும், சான் ஃபிராத்தெல்லோவிலோ, வந்தவர்கள் கொண்டுவந்த பேச்சில், பல சொற்கள் மெய்யிலேயே நின்றுவிடும். சுற்றிலும் எல்லா ஊரும் அந்தக் கடைசி உயிரெழுத்து என்ற வாலோடு பேச, ஓர் ஊர் மட்டும் ஒன்பது நூற்றாண்டாக வாலை வெட்டிக்கொண்டே இருப்பது பசியா, பிடிவாதமா?

அதன் பயனைச் சொல்கிறேன். அந்த ஊர் தன் பெயரைக் கொண்ட குதிரை இனத்துக்கும் புகழ்பெற்றது. ஒரு குதிரைச் சந்தையைக் கற்பனை செய்யுங்கள். அண்ணனும் தம்பியும் விற்கிறார்கள், வெளியூர்க்காரர் வாங்க வந்திருக்கிறார். அவரிடம் நல்ல சிசிலியத்தில், “ஐயா, உங்களுக்காகத்தான் இந்த விலை” என்கிறார் அண்ணன். உடனே, அவர் மூக்குக்கு முன்னாலேயே, தம்பியிடம் ஊர்ப் பேச்சில், “ஆள் மயங்கிவிட்டார், இறங்காதே” என்கிறார். வெளியூர்க்காரர் புன்னகைக்கிறார், ஏதோ குடும்ப விஷயம் பேசுகிறார்கள் என்று! தம்பி, “குதிரைக்கு வலது கால்...” என்று தொடங்க, அண்ணன், “அதை ஊர்ப் பேச்சிலே சொல்லடா!” என்கிறார், அதுவும் ஊர்ப் பேச்சிலேயே. கதை என் கற்பனை, வழக்கம் உண்மை: வெளியாரிடம் சிசிலியம், தங்களுக்குள் தங்கள் பேச்சு. அந்த மண்ணின் சொற்கள் ஏராளமாக உள்ளே நுழைந்தன, மறுக்கவில்லை. நுழைந்த சொல்லுக்கும் வால் போயிற்று, நண்பரே.

நடுவர் அவர்களே, சிரித்தது போதும். 1922 ஜனவரியில் அந்த மலையூரில் பெரும் நிலச்சரிவு. வீடுகளும் தெருக்களும் சரிந்து போயின. வீடிழந்த குடும்பங்கள் பல, கீழே கடலோரத்தில் அக்குவெதோல்சியில் குடியமர்த்தப்பட்டன. பாட்டனுடைய வாசற்படி இல்லை, மணி கேட்டு வளர்ந்த கோயில் பக்கத்தில் இல்லை, அடுத்த வீட்டுக்காரர் யாரென்றே தெரியாது. அந்தப் புது ஊரில், அடுப்பு மூட்டிய தாய் தன் பிள்ளையை எந்தப் பேச்சில் சாப்பிடக் கூப்பிட்டிருப்பாள்? மண்தான் அந்த மக்களை ஆக்கியது என்றால், மண் சரிந்த அன்றே அந்தப் பேச்சும் சரிந்திருக்க வேண்டுமே. சரியவில்லை ஐயா, அக்குவெதோல்சியிலும் அது வாழ்ந்தது. எனக்காகக் கேட்கவில்லை, அந்தத் தாய்க்காகக் கேட்கிறேன், தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள். வணக்கம்.