மேலங்கியும் புஸ்தகங்களும்

(சேகர வாலிபர் சங்கக் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)

போதகர் ஐயரவர்களுக்கும், முன்வரிசையில் இருக்கிற பெரியவர்களுக்கும், பின்வரிசையில் செல்போனோடு இருக்கிற தம்பி தங்கைகளுக்கும் ஸ்தோத்திரம். கிறிஸ்தவர்களும் வாசிப்பும் என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். ஏழரை மணிக்குப் பாடகர் குழுவுக்குப் பயிற்சி இருக்கிறதாம், அதற்குள் முடித்துவிட வேண்டுமாம். சரி.

அப்போஸ்தலர் பவுல் சிறையில் இருக்கிறார். தன் சீடர் தீமோத்தேயுவுக்கு இரண்டாம் நிருபம், அதாவது கடிதம், எழுதுகிறார். தன் முடிவு நெருங்கிவிட்டது என்று அவருக்கே தெரியும். கடைசி அதிகாரம், பதின்மூன்றாம் வசனத்தைப் பாருங்கள். இதை வைத்து ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை. துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவரிடம் என் மேலங்கியை வைத்துவிட்டு வந்தேன், வரும்போது எடுத்துக்கொண்டு வா என்கிறார். கூடவே புஸ்தகங்களையும், விசேஷமாய்த் தோற்சுருள்களையும். கொஞ்சம் தள்ளி, மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேர் என்றும் எழுதுகிறார். குளிர் வரப்போகிறது, அங்கி வேண்டும், அது புரிகிறது. மூன்றாம் வானம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்த மனுஷனுக்கு, அதுவும் தலை போகிற நேரத்தில், புஸ்தகம் எதற்கு?

என்னென்ன புஸ்தகம் என்று அவர் எழுதவில்லை. ஆனால் அவர் எதையெல்லாம் படித்தவர் என்று அவர் பேச்சே காட்டிக்கொடுக்கிறது. அத்தேனே, அதாவது ஏதென்ஸ் பட்டணத்தில் நின்று, உங்கள் புலவர்களே சொல்லியிருக்கிறார்களே என்று ஒரு வரியை எடுத்துவிடுகிறார். அது அராத்து என்ற கிரேக்கப் புலவர் நட்சத்திரங்களைப் பற்றிப் பாடிய பாட்டில் வருகிற வரி. கொரிந்தியருக்கு எழுதும்போது, ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும் என்கிறார். நம் வீடுகளில் பிள்ளைகள் சினிமா பார்க்கக் கேட்டால் அம்மாமார் எடுத்து வீசுகிற வசனம் அதுதான். அந்த வரி மெனாந்தர் என்ற நகைச்சுவை நாடகக்காரருடையது. நாடகம் பார்க்காதே என்று சொல்ல நாம் பயன்படுத்துவது ஒரு நாடக வசனம்!

மெதடிஸ்ட் சபையை உண்டாக்கிய ஜான் வெஸ்லி, இந்தப் பதின்மூன்றாம் வசனத்தை வைத்தே தன் ஊழியர்களை விரட்டியிருக்கிறார். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரமாவது வாசி என்பது அவர் சட்டம். எனக்கு வேதம் ஒன்றே போதும் என்று ஒருவர் சொன்னால், அப்படியானால் நீ பவுலையும் மிஞ்சிவிட்டாய், அவருக்கு வேறு புஸ்தகங்களும் தேவைப்பட்டதே என்று பதில். எனக்கு வாசிப்பில் ருசியில்லை என்றால், பழகி ருசியை உண்டாக்கிக்கொள், இல்லாவிட்டால் பழைய தொழிலுக்கே திரும்பிப் போ. இப்போது எந்த ஊழியரிடமாவது இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

நான் பதினோரு வருஷம் கன்வென்ஷன் என்கிற ஜெபக்கூட்டப் பந்தலில் புத்தகக் கடை போட்டு உட்கார்ந்தவன். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன். எது விற்கும்? ஜிப் வைத்த வேதாகம உறை விற்கும். வசன ஸ்டிக்கர், வாக்குத்தத்த அட்டை, காலண்டர், பெரிய எழுத்துப் பாட்டுப் புத்தகம் விற்கும். அன்றைக்கு ராத்திரி மேடையில் பேசினவருடைய புத்தகம், அட்டையில் அவர் போட்டோ இருந்தால், ஜெபம் முடிந்த அரைமணி நேரத்தில் தீர்ந்துவிடும். மற்றதெல்லாம் ஓரத்தில் தூசி வாங்கிக்கொண்டு இருக்கும். மக்கள் வாசிப்பதில்லை என்று நான் புலம்ப வரவில்லை. வாங்குகிறார்கள், வாசிக்கவும் செய்கிறார்கள். எனக்கு உறுத்தினது வேறு. ஒரு அம்மா ஒரு புத்தகத்தை எடுத்தார்கள், நடுவில் திறந்து ஒரு பக்கம் முழுக்க நின்றே வாசித்தார்கள், முகத்தில் சந்தோஷம். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த ரூபாயை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்கள், "தம்பி, இது நம்ம சபை ஆள் எழுதினதுதானே?" இல்லைம்மா, அவர் ஆர்.சி., கத்தோலிக்கர் என்றேன். சுடுபாத்திரத்தை வைப்பது மாதிரி கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த அம்மாவை நான் குற்றம் சொல்ல மாட்டேன், நாம் பழக்கினது அது. கத்தோலிக்கத் திருச்சபை தடைசெய்த நூல்களுக்கு 1559-லிருந்து ஒரு பட்டியலே வைத்திருந்தது. 1966-ல் அது செல்லாது என்று அவர்களே விட்டுவிட்டார்கள். அந்தப் பட்டியலைச் சொல்லி நாம் சிரிப்போம். நம்மிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. எழுதி வைக்கவில்லை, அதனால் ரத்துசெய்யவும் வழியில்லை.

வாக்குத்தத்த அட்டை என்றேன். அதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், வரப்போகிற வருஷத்துக்கு என்று ஆளுக்கொரு வசன அட்டை எடுக்கிறோம். எரேமியா 29:11 வந்தவர்கள் கையைத் தூக்கினால் பாதிப் பேர் தூக்குவீர்கள். உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள், சமாதானத்துக்கேதுவான நினைவுகள். அருமையான வசனம். ஆனால் அதற்கு முந்தின பத்தாம் வசனத்தை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று அதில் இருக்கிறது. அது சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், சீக்கிரம் திரும்பலாம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள் என்கிற கடிதம். அட்டையைக் கையில் வாங்கினவர் ஜனவரியிலேயே விசா வந்துவிடும் என்று நினைக்கிறார். கடிதத்தைக் கிழித்து ஒரு துண்டை மட்டும் வாசிப்பதும் வாசிப்புத்தானா?

அப்புறம் நம் கோயில் அலமாரி. ஐயர் அங்கி மாட்டுகிற சகரிஸ்தி அறைக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று நிற்கிறதே, எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? பார்த்திருப்பீர்கள், திறந்து பார்த்திருக்க மாட்டீர்கள். போன மாசம் சாவி கேட்டு நாலு பேரிடம் அலைந்தேன். செயலாளரிடம் இருக்கும் என்றார்கள், அவர் பொருளாளரைச் சொன்னார், கடைசியில் கோயிலைத் திறந்து பூட்டுகிற கோயில் குட்டியார் அண்ணாச்சியின் சாவிக்கொத்தில், எதற்கென்று அவருக்கே தெரியாத சாவியாக அது கிடந்தது. திறந்தால் பாச்சை உருண்டை வாசனை. இரண்டாம் தட்டில் மயூரம் வேதநாயகம் பிள்ளை, பிரதாப முதலியார் சரித்திரம். 1879-ல் வந்த நாவல், தமிழின் முதல் நாவல். எழுதினவர் ஒரு கிறிஸ்தவர். இருநூறு வருஷக் கிறிஸ்தவ ஊர் என்று பெருமைப்படுகிறோம், அந்தப் புத்தகத்தின் பாதிப் பக்கங்கள் இன்னும் வெட்டாமல் ஒட்டியபடியே இருக்கின்றன.

பூட்டி வைப்பது நாம் கண்டுபிடித்ததும் இல்லை. ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு ஐயர் 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினார். பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதி அ, ஆ படித்தவர். 1714-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிடத் தொடங்கினார் என்பது நமக்கெல்லாம் ஓய்வுநாள் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லாத பாதி ஒன்று உண்டு. வந்த இரண்டு வருஷத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் ஏடுகளைத் தேடி வாங்கி, வாசித்து, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று குறிப்பெழுதி ஒரு அட்டவணை போட்டார். நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். 1713-ல், இந்த ஜனங்கள் கும்பிடுகிற தெய்வங்களைப் பற்றி அவர்கள் வாயிலிருந்தே கேட்டு ஒரு பெரிய நூல் எழுதி ஜெர்மனியில் இருக்கிற ஹாலே ஊருக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. அந்த மதத்தை அழிக்க அனுப்பினோமே தவிர ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற எண்ணம். நூல் அலமாரிக்குள் போயிற்று. 1719-ல், 36 வயதில், சீகன்பால்கு இறந்துபோனார். அந்த நூல் அச்சேறியது 1867-ல், சென்னையில். 154 வருஷம்! அங்கேயும் சாவி யாரிடம் இருந்ததோ.

பிற மத நூல் படித்தால் விசுவாசம் போய்விடும் என்று பயப்படுகிறவர்களிடம் நான் அவரைத்தான் காட்டுவேன். இன்னொருவர் நம் பக்கத்துக்காரர். எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 1827-ல் திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பில் பிறந்தவர். வைஷ்ணவக் குடும்பம், கம்பனில் ஊறியவர். 1858-ல் ஞானஸ்நானம் எடுத்தார். எடுத்ததும் கம்பனைத் தூக்கிக் கடாசவில்லை. ஜான் பனியன் எழுதிய மோட்சப் பிரயாணக் கதையைக் கம்பன் நடையில் இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியமாகப் பாடினார். அது நற்போதகம் பத்திரிகையில் தொடராக வந்து, 1894-ல் புத்தகமாயிற்று. ஒரு சபைப் பத்திரிகையில் காவியம் தொடராக வந்த காலம் அது, யோசித்துப் பாருங்கள்.

அவருடைய "சத்தாய் நிஷ்களமாய்" பாட்டை நாம் எத்தனை தரம் பாடியிருப்போம்? போன வாரம் பாடகர் குழுப் பிள்ளைகள் மூன்று பேரிடம் அர்த்தம் கேட்டேன். ஒருத்தி, சத்தமாய்ப் பாடணும் என்று அர்த்தம் என்றாள். ஒரு தம்பி, சத்து என்றால் விட்டமின் என்றான். மூன்றாவது ஆள் ராகத்தை மட்டும் சரியாகச் சொன்னான். கோபப்படவில்லை, அந்த வயசில் எனக்கும் தெரியாது. சத்து என்றால் என்றும் உள்ள பொருள், நிஷ்களம் என்றால் உருவமில்லாதது. சைவர்களும் வேதாந்திகளும் கடவுளைப் பேசப் பயன்படுத்தின சொற்களை எடுத்துத் தன் ஆண்டவருக்குச் சூட்டியிருக்கிறார் அவர். மற்றவர்கள் புத்தகத்தைப் படிக்காதவருக்கு அந்த முதல் வரியே வந்திருக்காது.

மணி ஏழேகால். ஒரு விஷயம் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன். வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகளில், எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார், ஓடிவந்த பிலிப்புவுக்கு அது காதில் விழுகிறது. ஏனென்றால் அந்தக் காலத்தில் சத்தமாக வாசிப்பதுதான் வழக்கம். எங்கள் ஆச்சிக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். ஆனால் மோட்சப் பிரயாணத்தில் பாதி மனப்பாடம், தாத்தா ராத்திரி விளக்கடியில் உரக்க வாசித்ததால். தனியாக உட்கார்ந்து படிக்க நேரமில்லை என்கிறவர்கள் சேர்ந்து கேட்கலாமே.

ஐயரிடம் பேசிவிட்டேன், ஒத்துக்கொண்டார். அடுத்த மாசம் இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி, பள்ளிக்கூட வராண்டாவில் பிரதாப முதலியார் முதல் அத்தியாயம். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் கொண்டுவாருங்கள். ஒட்டியிருக்கிற பக்கங்களை வெட்ட ஒரு கத்தி வேண்டும், அது நான் கொண்டுவருகிறேன். அண்ணாச்சி, சாவியை மட்டும் கொத்திலிருந்து கழற்றி வெளியே ஆணியில் மாட்டிவிடுங்கள்.