டேப்பு வைத்து யார் அளந்தது?

(ஜவ்வாது மலையடிவாரத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில், தை மாத மாலையொன்றில் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்.)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் விசில் அடிக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர் அம்மா எனக்கு ஏழரை மணி வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதன் பிறகு மைதானத்து விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுவதாகவும் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். இந்த மேடையைவிட எனக்கு அந்த இருட்டுதான் முக்கியம். நாளை மறுநாள் அமாவாசை. நிலாத் தொல்லை இல்லை.

சில வருஷம் முன்னால் வேறொரு பள்ளிக்கூடத்தில் இதே போல் பேசினேன். சூரியன் 15 கோடி கிலோமீட்டர், அடுத்த விண்மீன் 4.24 ஒளியாண்டு, ஆண்ட்ரோமீடா 25 லட்சம் ஒளியாண்டு என்று எண்களை அடுக்கிக்கொண்டே போனேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமை. முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "சார், இதையெல்லாம் யாரு டேப்பு வச்சு அளந்தா?"

ஒரே சிரிப்பு. பக்கத்திலிருந்த ஆசிரியர் "உக்காரும்மா" என்றார். நானும் "விஞ்ஞானிங்க கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சாங்க" என்று மழுப்பிவிட்டுக் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது உறுத்தியது. அன்றைக்குக் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்லப்போகிறேன்.

கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டுங்கள். எல்லோரும்தான், ஆசிரியர்களும். இடது கண்ணை மூடிக்கொண்டு, விரலுக்குப் பின்னால் எந்தத் தூண் தெரிகிறது என்று பாருங்கள். இப்போது கண்ணை மாற்றுங்கள். விரல் தாவியதா? விரல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நீங்கள் பார்த்த இடம் மாறியது, அவ்வளவுதான். விரலை மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்தால் பெரிய தாவல், கையை முழுசாக நீட்டினால் சின்னத் தாவல். தாவல் எவ்வளவு என்று அளந்துவிட்டால் தூரம் கைக்கு வந்துவிடும். பத்தாம் வகுப்பில் ஏற்றக் கோணத்தை வைத்து, கோபுரத்தில் ஏறாமலேயே அதன் உயரத்தைக் கண்டுபிடிக்கிறீர்களே, அதே வேலை.

இதற்குப் பெயர் இடமாறு தோற்றம். ஆய்வகத்தில் அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் 'இடமாறு தோற்றப் பிழை' என்று மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். வானத்தில் அந்தப் பிழைதான் நம் டேப்பு.

முதலில் சூரியன். வெள்ளிக் கோள் எப்போதாவது சூரியனுக்கும் நமக்கும் நடுவே நேராக வரும். சூரியத் தட்டின் மேல் மிளகு மாதிரி ஒரு கரும்புள்ளி ஊர்ந்து போகும். 2012 ஜூனில் நானும் பார்த்தேன், அடுத்தது 2117-ல்தான். பூமியில் வெவ்வேறு மூலையில் நிற்கும் இரண்டு பேருக்கு அந்தப் புள்ளி கொஞ்சம் வெவ்வேறு பாதையில் போவதாகத் தெரியும். இரண்டு கண், ஒரு கட்டை விரல். இதற்காகவே 1761-லும் 1769-லும் கப்பல் கப்பலாக ஆட்களை உலகெங்கும் அனுப்பினார்கள். 1874-ல் மறுபடி வந்தபோது, சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாசாரி, இது என்ன, ஏன் என்று பொதுமக்களுக்கு விளக்கி ஒரு சிறு நூலே எழுதினார். நுங்கம்பாக்கத்தில் இருந்த ஆய்வகம் அது. அவர் பெயரை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவார்.

சூரியன் வரைக்கும் உள்ள தூரம் தெரிந்தால் நமக்கு இன்னும் பெரிய இரண்டு கண்கள் கிடைக்கின்றன. பூமி ஜனவரியில் சூரியனுக்கு ஒரு பக்கம் இருக்கிறது, ஜூலையில் எதிர்ப்பக்கம். இரண்டுக்கும் இடையே 30 கோடி கிலோமீட்டர். ஒரே விண்மீனை ஜனவரியில் ஒரு தரம், ஜூலையில் ஒரு தரம் பார்த்தால், பின்னால் உள்ள தொலைதூர விண்மீன்களுக்கு எதிரே அது தாவ வேண்டும். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கோப்பர்நிக்கஸ் காலத்திலிருந்து பலரும் தேடினார்கள், தாவல் யார் கண்ணிலும் படவில்லை. "தாவவில்லையே, அப்படியானால் பூமி சுற்றவில்லை" என்று வாதாடியவர்களும் உண்டு. அது ஒன்றும் முட்டாள்தனமான வாதம் இல்லை.

1838-ல் பெஸ்ஸல் என்ற ஜெர்மானியர் அன்னப்பறவைக் கூட்டத்தில் உள்ள ஒரு மங்கலான விண்மீனில் அதைப் பிடித்தார். ஒரு ரூபாய் நாணயத்தை 7 கிலோமீட்டர் தள்ளி நிறுத்தினால் எவ்வளவு பொடியாகத் தெரியும்? அரை வருஷத்தில் அந்த விண்மீன் தாவியது அவ்வளவுதான். கணக்குப் போட்டால் சுமார் 11 ஒளியாண்டு. ஒளியாண்டு என்பது வருஷக் கணக்கு இல்லை, தூரக் கணக்கு: ஒளி ஒரு வருஷத்தில் ஓடும் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்.

இந்த டேப்பின் நீளம் இப்போது கூடியிருக்கிறது. 2013-ல் ஐரோப்பியர்கள் ஏவிய கையா என்ற விண்கலம் ஏறக்குறைய 180 கோடி விண்மீன்களின் இடத்தைக் குறித்துத் தந்தது. ஆனாலும் ஒரு தூரத்துக்கு மேல் தாவல் கண்ணுக்கும் கருவிக்கும் அகப்படாமல் போய்விடும். அங்கே வேறு டேப்பு வேண்டும்.

இருட்டில் ரோட்டோரம் தூரத்தில் ஒரு பல்பு மங்கலாக எரிகிறது. எவ்வளவு தள்ளி? அது 100 வாட்ஸ் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்று, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. ஆனால் விண்மீனின் நெற்றியில் வாட்ஸ் எழுதி ஒட்டியிருக்கவில்லையே. பக்கத்தில் இருக்கும் அகல் விளக்கா, தூரத்தில் இருக்கும் சர்ச்லைட்டா?

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஹென்ரியட்டா லெவிட். அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வகத்தில் வேலை. அங்கே அப்போது பெண்களைத் தொலைநோக்கியைத் தொட விடமாட்டார்கள். ஆண்கள் இரவில் எடுத்த புகைப்படக் கண்ணாடித் தகடுகளைப் பகலில் உட்கார்ந்து பூதக்கண்ணாடியில் அளப்பதுதான் பெண்களின் வேலை. கம்ப்யூட்டர் என்றுதான் அவர்களைக் கூப்பிட்டார்கள். லெவிட்டுக்கு மணிக்கு 30 சென்ட் கூலி. காதும் சரியாகக் கேட்காது.

ஒளி கூடிக் குறையும் விண்மீன்களைத் தேடுவது அவருக்குக் கொடுக்கப்பட்ட பணி. (நம் ரகுநாதாசாரி 1867-ல் சென்னையிலிருந்து கண்டுபிடித்ததும் அப்படி ஒளி மாறும் விண்மீன் ஒன்றைத்தான்.) பெரு நாட்டிலிருந்து வந்த தகடுகளில், மெகல்லன் மேகங்கள் என்ற இரண்டு விண்மீன் திட்டுகளில், லெவிட் 1,777 விண்மீன்களைப் பொறுக்கி எடுத்தார். அவற்றில் சிலவற்றில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. 1912-ல் 25 விண்மீன்களை வைத்து அதை உறுதி செய்தார்: மெதுவாகத் துடிப்பது எதுவோ அது பிரகாசமானது, வேகமாகத் துடிப்பது மங்கலானது.

இது ஏன் பெரிய விஷயம்? எதிர் மலையில் ஒரு கிராமம் இருக்கிறது என்று வையுங்கள். இரவில் இங்கிருந்து பார்த்தால் அந்த ஊர் விளக்கெல்லாம் நமக்கு ஒரே தூரம்தான். அதனால் அங்கே பிரகாசமாகத் தெரிகிற விளக்கு உண்மையிலேயே பெரிய விளக்கு. மெகல்லன் மேகம் அந்த எதிர் மலைக் கிராமம். அங்கே கண்ட ஒழுங்கு மற்ற இடத்துக்கும் பொருந்தும். அந்த வகையில் நமக்குக் கிட்டே இருக்கும் சிலவற்றின் தூரத்தை மட்டும் தாவலை வைத்து அளந்துகொண்டால், இனி எங்கே அந்த வகை விண்மீனைப் பார்த்தாலும் எத்தனை நாளுக்கு ஒரு தரம் துடிக்கிறது என்று எண்ணினால் போதும், வாட்ஸ் தெரிந்துவிடும்.

ஏன் துடிக்கிறது? சோறு கொதிக்கும்போது பானை மூடியைக் கவனியுங்கள். ஆவி சேரும், மூடி எழும்பும், ஆவி வெளியேறும், மூடி விழும், மறுபடி சேரும். அந்த விண்மீன்களுக்குள் ஹீலியம் அடுக்கு ஒன்று மூடி வேலை செய்கிறது. அமுங்கிச் சூடானால் ஒளியை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். உள்ளே அழுத்தம் கூடி விண்மீன் உப்பும். உப்பினால் குளிர்ந்து ஒளியை விட்டுவிடும். விண்மீன் மறுபடி சுருங்கும். செஃபீடு என்பது இவற்றின் பெயர். ஒன்றை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்: துருவ நட்சத்திரம். நம் ஊரில் கையை நீட்டி முஷ்டியை வடக்கு அடிவானத்தின் மேல் வைத்தால், அதற்குச் சற்று மேலே இருக்கும். நிலைத்து நிற்பதற்கு உதாரணமாகச் சொல்கிறோமே, அதுவும் 4 நாளுக்கு ஒரு தரம் மூச்சு விடுகிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு, அவ்வளவுதான்.

1920 வாக்கில் பெரிய சர்ச்சை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வானத்தில் அங்கங்கே சுருள் சுருளாக மேகம் மாதிரித் தெரிகிறதே, அதெல்லாம் நம் பால்வீதிக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே தனித் தனிப் பால்வீதிகளா? 1923 அக்டோபரில் எட்வின் ஹப்பிள் கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையில் ஆண்ட்ரோமீடாச் சுருளைப் படமெடுத்தார். ஒரு புள்ளியைத் திடீரென வெடித்து ஒளிர்ந்த விண்மீன் என்று நினைத்து, நோவாவுக்கான எழுத்தைத் தகட்டில் குறித்தார். பழைய தகடுகளோடு ஒப்பிட்டபோது அது கூடுகிறது, குறைகிறது, மறுபடி கூடுகிறது. எழுத்தை அடித்துவிட்டு, 'மாறுவது' என்பதற்கான மூன்றெழுத்தை எழுதி ஆச்சரியக்குறி போட்டார். 31 நாள் துடிப்பு. லெவிட்டின் விதிப்படி கணக்குப் போட்டால் தூரம் 9 லட்சம் ஒளியாண்டு. நம் பால்வீதியே சுமார் 1 லட்சம் ஒளியாண்டு அகலம்தான். ஆண்ட்ரோமீடா வெளியே இருக்கிறது. அதுவே ஒரு பால்வீதி.

இதைப் பார்க்க லெவிட் இல்லை. 1921-லேயே இறந்துவிட்டார். அது தெரியாமல் 1925-ல் ஒரு ஸ்வீடன் நாட்டுக் கணித அறிஞர் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்க விரும்பி அவருக்கே கடிதம் எழுதினார்.

ஹப்பிளின் தொலைநோக்கிக் கண்ணாடி இரண்டரை மீட்டர் விட்டம். இதோ இந்த மலைக்கு மேலே காவலூரில் இருப்பது 2.34 மீட்டர். ஒரு சாண்தான் சின்னது. அடுத்த முறை யாராவது "அதெல்லாம் வெளிநாட்டுக்காரன் வேலை" என்றால் காவலூர் போகும் பஸ்ஸைக் காட்டுங்கள்.

கவனமாக இருந்தவர்கள் இந்நேரம் கையைத் தூக்கியிருக்க வேண்டும். ஆரம்பத்தில் 25 லட்சம் என்றேன், இப்போது 9 லட்சம் என்கிறேன். ஹப்பிள் தப்பு செய்தாரா? டேப்பில் தப்பு. செஃபீடுகளில் இரண்டு இனம் இருக்கின்றன. ஒரே வேகத்தில் துடித்தாலும் ஓர் இனம் மற்றதைவிடப் பல மடங்கு பிரகாசம். இதற்கு வழி திறந்தது ஒரு போர். இரண்டாம் உலகப் போரில், விமானத் தாக்குதலுக்குப் பயந்து, மவுண்ட் வில்சன் மலைக்குக் கீழே இருக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரமே விளக்கை அணைத்தது. அந்த மலையில் வேலை பார்த்த வானியலாளர் வால்டர் பாடே ஜெர்மனியில் பிறந்தவர் என்பதால் அவரை ராணுவ வேலைக்குச் சேர்க்கவில்லை. நகரம் இருட்டு, பெரிய தொலைநோக்கி சும்மா கிடக்கிறது. ஆண்ட்ரோமீடாவின் நடுப்பகுதியைத் தனித் தனி விண்மீனாகப் பிரித்துப் படமெடுத்தார். அங்கே தொடங்கிய வேலை 1952-ல் ரோம் மாநாட்டில் முடிந்தது: ஆண்ட்ரோமீடா மட்டுமில்லை, அதுவரை அளந்த அண்டமே இரண்டு மடங்காகிவிட்டது. பிறகு வந்த திருத்தங்கள்தான் ஆண்ட்ரோமீடாவை 25 லட்சத்துக்குக் கொண்டுபோயின. ஒரு டேப்பின் மேல் அடுத்த டேப்பு என்று ஏணி மாதிரி அடுக்கியிருக்கிறோம். கீழ்ப்படி ஒன்று ஆடினால் ஏணியே ஆடும்.

கடைசிப் படி. இந்த எலாஸ்டிக் நாடாவில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். இரண்டு மடங்காக இழுக்கிறேன். முதல் புள்ளியில் ஓர் எறும்பு உட்கார்ந்திருந்தால், அடுத்த புள்ளி 1 சென்டிமீட்டர் விலகியது, அதற்கடுத்தது 2, அதற்கும் அடுத்தது 3. தூரம் கூடக்கூட ஓட்டமும் கூடுகிறது. எந்தப் புள்ளியில் எறும்பை வைத்தாலும் அதே கதைதான், எனவே நடு என்று ஒன்று இல்லை. 1929-ல் ஹப்பிள் வெளியிட்டது இதைத்தான்: விண்மீன் மண்டலங்கள் தொலைவுக்கு ஏற்ற வேகத்தில் விலகுகின்றன. அதன் பிறகு, இன்னும் தொலைவில் உள்ளவற்றின் வேகத்தை இரவிரவாக அளந்துகொடுத்தவர் மில்டன் ஹியூமாசன். 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். அந்த மலைக்குக் கோவேறு கழுதையில் சாமான் ஏற்றியவர், பிறகு அங்கேயே கூட்டிப் பெருக்கும் வேலை, பிறகு தொலைநோக்கி. (அதற்காக நாளைக்கே யாரும் பள்ளியை விட்டு நிற்க வேண்டாம், தலைமையாசிரியர் என்னை விடமாட்டார்கள்.)

நாடாவைத் தளர்த்தினால் புள்ளிகள் நெருங்கி வரும். அப்படி விரிவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால் 1380 கோடி ஆண்டு வருகிறது. அண்டத்தின் வயது. இதிலும் இன்றைக்கு ஒரு சண்டை ஓடுகிறது. 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு நொடிக்கு எத்தனை கிலோமீட்டர் விலகல்? நான் இவ்வளவு நேரம் சொன்ன ஏணி வழியாகப் போனால் 73. அண்டம் பிறந்த காலத்து மிச்ச வெளிச்சத்தை அளந்து வேறு வழியாகப் போனால் 67. இரண்டு பக்கமும் திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டார்கள், ஒத்துவரவில்லை. ஏணியில் எங்காவது ஒரு படி ஆடுகிறதா, இல்லை நம் இயற்பியலில் ஏதோ விட்டுப்போயிருக்கிறதா, யாருக்கும் தெரியாது.

ஏழு இருபத்தைந்து. வெளியே போகலாம். மேற்கே பெரிய சதுரமாக நாலு விண்மீன் தெரியும், நம் பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்தது. அதன் மேல் மூலையிலிருந்து மேல்நோக்கி இரண்டு விண்மீன் எண்ணுங்கள். இரண்டாவதில் நின்று வலப்பக்கம் திரும்பினால் மங்கலாக இரண்டு சிறு விண்மீன்கள். அவற்றில் அப்பால் இருப்பதன் பக்கத்தில் பிய்த்துப் போட்ட பஞ்சு மாதிரி ஒரு திட்டு. ஆண்ட்ரோமீடா அதுதான். சென்னைக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கோடரிகளுக்கு 15 லட்சம் வயது. அவற்றைச் செதுக்கிய கைகளுக்கும் 10 லட்சம் ஆண்டு முன்னால் கிளம்பிய ஒளி, இன்றைக்கு உங்கள் கண்ணில் வந்து இறங்கும்.

யாரும் போனை எடுக்காதீர்கள். கண் இருட்டுக்குப் பழக கால் மணி நேரம் ஆகும், ஒரு தரம் திரை வெளிச்சம் பட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பஞ்சை நேராக முறைத்துப் பார்த்தால் மறைந்துவிடும், சற்றுத் தள்ளிப் பார்த்தபடி ஓரக்கண்ணில் பிடியுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் யாராவது அண்ணன் அக்காவோடு வந்திருந்தால் முன்னால் வாருங்கள், பைனாகுலர் முதலில் உங்களுக்கு.

வாட்ச்மேன் அண்ணே, விளக்கை அணைச்சிடுங்க.