பப்பில் கூடும் வயல் கோர்ட்: லாக்ஸ்டன்

வணக்கம் மக்களே. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்ஷயர் பக்கம் லாக்ஸ்டன் என்ற கிராமத்தில் நிற்கிறேன். மொத்தமே சில நூறு பேர்தான். ஒரு தேவாலயம், ஒரு பப், ஊருக்கு வடக்கே நார்மன் கோட்டை இருந்த மண்மேடு. கோட்டை போய்விட்டது, மேடுதான் மிச்சம். அதை விடுங்கள், இந்த வயலைப் பாருங்கள்.

வேலி எங்கேயாவது தெரிகிறதா? தெரியாது. ஒரே பெரிய வயல், அதற்குள் பட்டை பட்டையாக ஆளுக்கொரு துண்டு. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பெரும்பாலான ஊர்கள் ஒரு காலத்தில் இப்படித்தான் பயிர் செய்தன. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டு வேலியடைத்துப் பிரித்துவிட்டார்கள். லாக்ஸ்டன் தப்பியதற்குப் பழமைப் பாசம் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே நிலம் வைத்திருந்த இரண்டு பிரபுக்களுக்குள் ஒத்துப்போகாததும் ஒரு காரணம் என்கிறார்கள். சண்டையாலும் சில நேரம் நல்லது நடக்கிறது!

மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என்று மூன்று. ஒன்றில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தத்தில் விதைக்கும் பயிர், மூன்றாவது தரிசு. வருடா வருடம் முறை மாறும். மார்க் பியர்ஸ் என்பவர் 1635இல் வரைந்த வரைபடத்தில் இதே வயல்கள் இருக்கின்றன. உழுகிற ஆட்களைக்கூடக் குட்டிக் குட்டியாக வரைந்திருக்கிறார். அது இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

சரி, வேலி இல்லையென்றால் பக்கத்து நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து உழ மாட்டார்களா? நம் ஊர் வரப்புத் தகராறு இங்கேயும் உண்டு. அதற்குத்தான் ஜூரி, அதாவது விவசாயிகளே சேர்ந்த சோதனைக் குழு. நவம்பர் கடைசியில், கோதுமை விதைத்த வயலை விவசாயிகளே டிராக்டர் பின்னால் டிரெய்லரில் ஏறிப்போய்ச் சுற்றிப் பார்ப்பார்கள். எல்லை அழிந்த இடத்தில் மரமுளையை வைத்து, ஓங்கி அடித்து இறக்குவார்கள். பாதையோரப் புல்லையும் சேர்த்து உழுதவர் பெயர் குறிக்கப்படும். ஒரு வாரம் கழித்து டவ்காட் இன் என்ற அந்தப் பப்பில் 'கோர்ட் லீட்' என்ற பழங்காலக் கிராம நீதிமன்றம் கூடி அபராதம் போடும். சுற்றுலாக்காரர்களுக்காகப் போடும் நாடகம் இல்லை இது. இப்படிப்பட்ட பழைய கோர்ட்டுகளின் அதிகாரத்தை 1977இல் ஒரு சட்டம் பறித்தபோதும் லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள்.

தெருவில் நடந்தால் இன்னொன்று தெரியும். பண்ணை வீடுகள் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. நிலம் மூன்று வயல்களிலும் சிதறிக் கிடந்தால் எந்த வயலில் போய் வீடு கட்டுவது? அதனால் வீட்டு வாசலிலேயே டிராக்டர் நிற்கும்.

நிலத்தின் சொந்தக்காரர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறார். 1952இல் மேன்வர்ஸ் பிரபுவிடமிருந்து அரசு வாங்கியது, 1981இல் அரச மகுடத்தின் பெயரில் உள்ள நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது, 2020இல் அந்தப் பழைய பிரபு குடும்பத்தின் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே திரும்பிவிட்டது.

வருவதாக இருந்தால் பாதையை விட்டு இறங்காதீர்கள். புதிதாக விதைத்த பட்டை வெறும் மண் மாதிரிதான் தெரியும்.