ஓல்ட் டெனன்ட் ஆலயமும் ஒரு மருத்துவரின் கல்லறையும்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மனலாப்பன் பக்கம் ஒரு சின்ன மேட்டின் மேல் ஓல்ட் டெனன்ட் என்றொரு பிரெஸ்பிட்டேரியன் ஆலயம் இருக்கிறது. வெள்ளையடித்த மரக்கட்டடம், சுற்றிலும் கல்லறைத் தோட்டம். கட்டத் தொடங்கியது 1751இல். சபை அதைவிடப் பழையது. சொந்த நாட்டில் மதத்துக்காக நெருக்கடிப்பட்டுக் கடல் கடந்து வந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் 1692 வாக்கில் தொடங்கிய சபை. பிரெஸ்பிட்டேரியன்கள் என்பதால் இவர்களுக்கு பிஷப் கிடையாது; மூப்பர்களும் போதகரும் கூடித்தான் எதையும் முடிவு செய்வார்கள்.

ஆலயத்தின் பெயரில் இருக்கும் வில்லியம் டெனன்ட் 1733இல் போதகராக வந்து, 1777இல் சாகும்வரை இங்கேயே இருந்தவர். அவருடைய இளமைக்காலக் கதை ஒன்று உண்டு. நோயில் கிடந்தவர் மூச்சடங்கிப் போனார். அடக்கத்துக்கு எல்லாம் தயார். மருத்துவரான நண்பர் மட்டும் விடவில்லை, "பொறுங்கள், பொறுங்கள்" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். மூன்றாம் நாள் டெனன்ட் கண் திறந்தார். ஆனால் படித்ததெல்லாம் மறந்துபோய், மறுபடி எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியதாயிற்று என்கிறார்கள். பிற்பாடு அவர் உண்மையிலேயே இறந்தபோது ஆலயத்துக்குள்ளேயே, நடைவழித் தரைக்கு அடியில் அடக்கம் செய்தார்கள்.

மறு ஆண்டு, 1778 ஜூன் 28. அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த காலம். பக்கத்து வயல்களில் அமெரிக்கப் படையும் ஆங்கிலப் படையும் மோதிக்கொண்ட மான்மத் சண்டை. அன்று அடித்த வெயிலில், குண்டு படாமலேயே சுருண்டு விழுந்து செத்தவர்கள் இரு பக்கத்திலும் பலர். காயம்பட்டவர்களை ஆலயத்துக்குள் கொண்டுவந்து கிடத்தினார்கள். இருக்கைப் பலகையில் அந்த ரத்தக்கறை இன்னும் இருக்கிறது என்பார்கள். பழைய மரத்தில் கறைக்கா பஞ்சம்! அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அன்று விழுந்த ஆங்கிலத் தளபதி ஹென்றி மாங்க்டனுக்கு அதே தோட்டத்தில் இடம் கொடுத்தார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வருகிறவர்கள் பெரும்பாலும் மாங்க்டன் கல்லறையைத்தான் தேடுகிறார்கள். நம்மவர்கள் தேட வேண்டியது இன்னொன்று: நதானியேல் ஸ்கடர். வட்டார மருத்துவர். ஆலயம் எழும்பத் தொடங்கிய அதே 1751இல் கல்லூரிப் பட்டம் பெற்றவர். அமெரிக்காவின் முதல் அரசியல் சாசனமான கூட்டமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். உள்ளூர்ப் படையில் கர்னலாகவும் இருந்தார். 1781 அக்டோபரில், யார்க்டவுனில் ஆங்கிலப் படை சரணடையச் சில நாட்களே இருக்கும்போது, கடலோரத்தில் நடந்த ஒரு சிறு மோதலில் குண்டடிபட்டு இறந்தார்.

ஸ்கடர் என்றதும் வேலூர் நினைவுக்கு வருகிறதா? சரிதான். இவருடைய பேரன் ஜான் ஸ்கடர் பக்கத்து ஊரான ஃப்ரீஹோல்டில் 1793இல் பிறந்தவர். அவரும் மருத்துவர். நியூயார்க்கில் நன்றாக நடந்துகொண்டிருந்த தொழிலை விட்டுவிட்டு, 1819இல் மனைவி ஹாரியட்டோடு கப்பலேறினார். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பல ஆண்டுகள் வைத்தியம் பார்த்தார், அப்புறம் சென்னைக்கு வந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி.

வேலூருக்கு வைத்தியத்துக்குப் போய்வந்த குடும்பங்கள் நம்மில் எத்தனையோ. நியூ ஜெர்சியில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், ஒரு நாள் அந்தத் தோட்டத்துக்கும் போய் ஸ்கடர் கல்லறை எங்கே என்று கேட்டுப் பாருங்கள். நன்றி, வணக்கம்.